கொடிக்கயிற்று முடிச்சு

ஒண்ணுகூட. கோச் மேடம் காலையில் பேசியது என்னவோ நிறைய. அதில் இந்த ஒரு சொல் மட்டும் முத்துப்பேச்சியின் காதுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது, கிளப்பிவிட்டாலும் கிளம்ப மாட்டேன் என்கிறது. மேடம் கோபமாகவா சொன்னார்? அதுவும் இல்லை. டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டே, பஸ் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். சாயங்காலம் லைன் போட்டு முடிச்சதும் ஜெனி அஞ்சு பெனால்டி அடிக்கட்டும், நீ கோல்ல நில்லு, இன்னிக்கும் ஒண்ணுகூடப் பிடிக்கலேன்னா நாளைக்கு அபிநிலாவ நிப்பாட்டிருவோம். அவ்வளவுதான். சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அபிநிலா முதல் வருடம், பால் வடிகிற முகம், ஆனால் கையைத் தூக்கிக் குதித்தாள் என்றால் மேல் கம்பியில் தொங்குவாள், அப்படி ஓர் உயரம். அவள் மேல் பேச்சிக்குக் கோபம் கிடையாது. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை, பொழுதாவது போயிருக்கும். இந்த வருடத்து புட்பால் மேட்ச் எல்லாம் வெளியூர் வெளியூராகவே ஓடிப்போய், கடைசிக்கு அரையிறுதிதான் சொந்த கிரவுண்டுக்கு வந்திருக்கிறது. ஆகஸ்ட்டிலிருந்து எல்லா ஊரிலும் கோலுக்குள் நின்றவள் பேச்சி, சொந்த ஊரில் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கப் போகிறவளும் அவளாகவே இருக்கலாம். நல்லாத்தான் இருக்கும், ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அவள் குனிந்து டப்பாவைத் தட்டினாள். அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பா அது. தட்டத் தட்டச் சுண்ணாம்புப் பொடி சொரிந்து, கோல் போஸ்ட்டின் காலிலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று மெல்ல முன்னால் ஊர்ந்தது.

இந்தக் கல்லூரியில் லைன் போடுவது கீப்பர் வேலை. எப்போது யார் ஆரம்பித்தார்களோ, வாசலில் நிற்கிறவள்தானே வாசலுக்குக் கோலம் போட வேண்டும் என்று சிரித்துச் சிரித்தே இந்த வேலையைக் கீப்பர் தலையில் கட்டிவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் இப்போது ஹாஸ்டலில் சுண்டல் தின்றுகொண்டிருப்பார்கள், ஒருத்தி முடியை ஒருத்தி பின்னிக்கொண்டிருப்பாள், யாராவது ஒருத்தி செல்போனில் எதிர் டீமின் வீடியோவைப் போட்டு, யம்மா இவ என்ன இப்படி ஓடுறா என்று எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்துக்கொண்டிருப்பாள். இங்கே ஆள் அரவமே இல்லை. மழை விட்டு இரண்டு மூன்று நாளாகிறது, மண் காய்ந்தும் காயாமலும் காலுக்கு இதமாகக் கிடந்தது. சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கி மலையில் பாதியைக் காணோம். காற்று வடக்கிலிருந்து திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை வரும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான், இன்றைக்குக் காற்று நல்ல பிள்ளையாகத் தெற்கிலிருந்தே வந்தது. பேச்சிக்கு இந்த வேலை பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அடுத்த வருடமும் நீயே போடு என்பார்கள். ஆனால் பிடிக்கும். கோடு போடப் போடக் கிரவுண்டு கண் முன்னால் பிறந்து வருகிற மாதிரி இருக்கும். அதுவரை வெறும் பொட்டல், ஆடு மேய்கிற இடம். கோடு விழுந்ததும் உள்ளே, வெளியே என்று ஆகிவிடுகிறது. உள்ளே விழுந்தால் ஒரு நியாயம், வெளியே விழுந்தால் ஒரு நியாயம். வாழ்க்கையில் வேறு எங்கே இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்? போன தடவை செமஸ்டரில் வரலாற்றுத் தாளில் எது உள்ளே எது வெளியே என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஒண்ணுகூட. பார், சும்மா இருந்த மனது திரும்பவும் அங்கேதான் போய் நிற்கிறது. ஒன்று பிடித்தால் போதும் என்றுதானே அர்த்தம், அஞ்சில் ஒன்று, அதை நினைத்துத் தெம்பாக இருக்க வேண்டியதுதானே. இருக்கலாம், ஆனால் ஜெனி அடித்து, இந்த கிரவுண்டில், இந்த வருடம் பூராவும், அவள் ஒன்றையும் பிடித்ததில்லை. தொட்டதுகூட இல்லை. சைடு லைன் பாதியில் டப்பா காலியாகிவிட்டது, மூட்டை இருக்கும் இடத்துக்குத் திரும்ப நடந்தாள்.

விசித்திரம் என்னவென்றால் வெளியூரில் பிடித்தாள். அதுவும் லேசுபட்ட மேட்ச்சா, கால் இறுதி, கரூர்ப் பக்கம் ஒரு காலேஜ், முழு நேரமும் கோலே விழாமல், மாறி மாறிப் பெனால்டி அடிக்கிற டைபிரேக்கருக்குப் போய்விட்டது. அந்த ஊர்க் கூட்டம் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு தட்டையும் டப்பாவையும் அடித்தது. பேச்சிக்கு அம்மா தாயே என்று இருந்தது. ஆனால் பந்து வந்தபோது, எப்படிச் சொல்வது, வந்தது. நிதானமாக வந்தது. ஏத்தா பேச்சி, நான் வலது பக்கம் வாரேன் என்று சொல்லிவிட்டு வருகிற சொந்தக்காரர் மாதிரி வந்தது. மூன்றைப் பிடித்தாள். பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஜெனி நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது பேச்சு மாறிவிட்டது. அவளுக எல்லாரும் பேச்சி கைக்கே அடிச்சாளுகடி, சாமி புண்ணியம், நல்ல நேரம் என்று ஆளாளுக்குச் சொல்ல, பேச்சியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. மறுநாளே இந்த கிரவுண்டில் ஜெனி அடித்த எதுவும் அவளைக் கேட்டுக்கொண்டு போகவில்லையே. இங்கே பந்து வருவதில்லை, வந்துவிட்டிருக்கிறது. அவள் விழுகிறபோது பின்னால் வலை ஆடிக்கொண்டிருக்கும். மேடம் தினமும் பார்ப்பது அதைத்தான். மேடம் கண்ணில் பேச்சி என்றால் தரையில் கிடக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்விதான், பந்தப் புடிச்சு வச்சுக்கிறதுக்கு ஒரு ஆளா, அதுக்கா காலேஜுக்கு அனுப்புனோம். அம்மாவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிற வேலை. விடியுமுன்னே எடுக்க வேண்டும், மொட்டு வாய் திறந்துவிட்டால் விலை போச்சு. பேச்சிக்கு இந்தக் கை வந்ததே அங்கேதான், பார்த்ததும் கிள்ளிவிட வேண்டும், யோசித்தால் பூ தப்பும். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு ஒருநாள் நேரில் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாள். நாளைக்கு அம்மா வருகிறாள். தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு, பஸ் மாறி, வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு அம்மா வந்து நிற்பாள், மகள் எங்கே என்று கோலைப் பார்ப்பாள், அங்கே கொக்கு மாதிரி அபிநிலா நிற்பாள். பேச்சி டப்பாவில் சுண்ணாம்பை வேண்டியதற்கு மேலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு, மூக்கில் ஏறியதில் நாலு தும்மல் தும்மினாள்.

சைடு லைன்கள் முடிந்தன, நடுக்கோடும் வட்டமும் முடிந்தன. இனிக் கோலுக்கு முன்னால் வருகிற பெட்டிகள். அதற்குத்தான் கயிறு. கயிறு என்றால் காலேஜ் வாங்கிக் கொடுத்த அளவு நாடா ஏதோ இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஜெர்சி காயப்போடுகிற கொடிக்கயிறுதான், பச்சை நைலான். லைன் போடுகிற அன்றைக்குத் துணியை எல்லாம் வாரிக் கட்டிலில் போட்டுவிட்டுக் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பழைய சிவப்பு ஜெர்சியைக் கிழித்து அதில் மூன்று இடத்தில் துணி கட்டியிருக்கும். நுனியைக் கோல் லைனில் முளைக்குச்சியில் மாட்டி இழுத்தால் முதல் துணி வருகிற இடத்தில் சின்னப் பெட்டி, இரண்டாவது துணியில் பெனால்டி புள்ளி, மூன்றாவதில் பெரிய பெட்டி. என்றைக்கோ ஒரு மகராசி ஒழுங்காக டேப் பிடித்து அளந்து கட்டியது, அதற்கப்புறம் யாருக்கும் அளக்கிற தொல்லையே இல்லை. பேச்சி முதலில் சின்னப் பெட்டியைப் போட்டாள். நேற்றுதான் ஆள் விட்டுப் புல் அறுத்திருந்தார்கள், கணுக்கால் மூட நின்றது இப்போது கட்டையாகக் கிடந்தது, அதனால் தரை நன்றாகத் தெரிந்தது. வருடக்கணக்காகச் சுண்ணாம்பு விழுந்து விழுந்து வெந்துபோன இடத்தில் புல் முளைப்பதே இல்லை போலிருக்கிறது, மொட்டையாக ஒரு தடம் ஓடியது. அவளுடைய கோடு அந்தத் தடத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, என் கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டாள். பெரிய பெட்டிக்குக் கயிற்றை இழுத்தாள். மூன்றாவது துணி வந்து நின்ற இடத்தில் பச்சைப் புல். மொட்டைத் தடம் அதற்கும் அப்பால், கை எட்டாத தூரத்தில், தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவளுக்குக் கை கோணல் என்றுதான் முதலில் நினைத்தாள். போன வருடம் லைன் போட்ட கீப்பர் அக்கா படித்து முடித்துப் போய்விட்டாள், அவள் பாவம், இருந்தால் சண்டைக்கு வருவாள். ஆனால் கை கோணல் என்றால் சின்னப் பெட்டியும் அல்லவா கோணியிருக்க வேண்டும்? அது எப்படிச் சொல்லி வைத்த மாதிரி ஒட்டியது? பேச்சி கயிற்றைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று போனது, போய்க்கொண்டே இருந்தது, அது முடிகிற வரைக்கும் எதையும் நினைக்க வேண்டாம் என்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி முடிந்துவிட்டது. கயிற்றைக் கோல் லைனிலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தாள். முதல் துணி. அதைத் தாண்டி முடிச்சு. அப்புறம் இரண்டாவது துணி.

முடிச்சு. ஆடிக் காற்றில் அறுந்த கொடி. அன்றைக்கு மாடியிலிருந்து ஜெர்சி எல்லாம் பறந்து ரோட்டில் போன மீன் வண்டி மேல் விழுந்து, வண்டிக்காரர் பதினோராம் நம்பரைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப வந்து கொடுத்தது, ஹாஸ்டலே சிரித்து உருண்டது. ஜெனிதான் கட்டினாள். கேப்டன் ஜெனிட்டா, மூன்றாம் வருடம், எதைச் செய்தாலும் ரெண்டு மடங்கு செய்கிறவள். இரண்டு நுனியையும் ஒன்றன் மேல் ஒன்று நீளமாகப் போட்டு, முறுக்கி, மடித்துக் கட்டி, மறுபடியும் மடித்துக் கட்டி, இனி யானை இழுத்தாலும் அறாதுடி என்று கையைத் தட்டிக்கொண்டாள். அறவில்லைதான். ஆனால் முடிச்சு கயிற்றை எவ்வளவு தின்றது என்று யார் பார்த்தார்கள்? துணி காய்கிறதா, காய்கிறது. ஒரு பாவாடை காயப்போடுகிற அளவுக்குக் கொடி குறைந்தால் ஹாஸ்டலில் யாருக்குத் தெரியப்போகிறது. பேச்சிக்குக் கால் தானாகப் பெனால்டி புள்ளிக்கு நடந்தது. இந்த வருடம் பூராவும் அவளே வைத்த வெள்ளைப் பொட்டு மழையில் கரைந்து மங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், புல் அறுத்த இடத்தில், ஒரு குழி. தட்டு அகலம், பல வருடத்துக் கால்கள் ஊன்றி ஊன்றிப் பறித்த குழி. அவளுக்கு அது தெரியும், எத்தனையோ நாள் அதில் கால் இடறியிருக்கிறாள், எலிப் பொந்து என்று திட்டியிருக்கிறாள். அதுதான் புள்ளி. அதுதான் உண்மையான புள்ளி. அவள் குழியில் நின்று கோலைப் பார்த்தாள். பொட்டுக்கு வந்து பார்த்தாள். திரும்பக் குழிக்குப் போய்ப் பார்த்தாள். யாராவது பார்த்திருந்தால் பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். குழியிலிருந்து பார்க்கக் கோல், கரூரில் பார்த்த கோல் மாதிரியே இருந்தது. அடி பாவி, என்று தன்னையே சொன்னாளா ஜெனியைச் சொன்னாளா தெரியாது. ஆகஸ்ட்டிலிருந்து இத்தனை நாளும் மூஞ்சிக்கு முன்னால் வந்து அடித்த பந்துக்காக அவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். கண்ணாடி முன்னால் கையை விரித்து, இது கையா என்று கேட்டிருக்கிறாள். இப்போது அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, உடம்பு மட்டும் காய்ச்சல் விட்ட மாதிரி லேசாகிவிட்டது. நான் மோசமில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, கிரவுண்டில் ஓர் ஆடு மட்டும் நின்றது, அதுவும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஆனால் அந்த லேசு ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஜெனி? அரையிறுதி டைபிரேக்கருக்குப் போனால் முதல் அடி ஜெனியுடையது. வெளியூரில் ஜெனி இரண்டு பெனால்டியை விட்டாள். ஒன்றில் காற்று என்றாள், இன்னொன்றில் ஷூ கடிக்கிறது என்றாள், நம்ம கிரவுண்டுக்கு வாங்கடி, இங்க நான் விட்டதே கிடையாது என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் நடமாடுகிறாள். அந்தத் தெம்பே அவளுடைய முடிச்சிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆவாள், அதுவும் மேட்ச்சுக்கு முந்தின நாள்? சொல்லாமல் விட்டால் என்ன. எப்போதும் போலக் கயிறு சொல்கிற இடத்தில் பொட்டு வைக்கலாம். ஜெனி அஞ்சையும் அடிப்பாள், பேச்சி கீழே கிடப்பாள், நாளைக்கு அபிநிலா நிற்பாள், அம்மா முக்காட்டுக்குள்ளிருந்து பார்ப்பாள். அதோடு போகுமா? நாளைக்கு வருகிற ரெஃப்ரி டேப் பிடித்துப் பார்த்தால் மானம் போகும், பார்க்காவிட்டால் எதிர் டீமும் அல்லவா கிட்டத்திலிருந்து அடிக்கும். சரி, குழியிலேயே பொட்டு வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால்? இதுதான் பேச்சிக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் இது இனித்தது. குழியை மண் போட்டு மூடி, அழகாக வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டால் ஜெனிக்குத் தெரியவா போகிறது. வழக்கம்போலப் பந்தை வைப்பாள், வழக்கம்போல அடிப்பாள், பேச்சி ஒன்றையாவது பிடிப்பாள், ஒன்று என்ன, நாலைப் பிடிப்பாள். மேடம் டீயை ஆற்றாமல் எழுந்து நிற்பார். பொய் எதுவும் இல்லையே, சரியான இடத்தில்தானே வைக்கிறேன். சரியான இடம்தான், சரியான இடத்தை வைத்தே ஒருத்தியை ஏமாற்றவும் முடிகிறதே, அட கடவுளே. அதே ஜெனிதான் போன மாதம் பேச்சிக்கு மஞ்சள் காமாலை வருகிற மாதிரி இருந்தபோது தன் பங்கு இளநீரையும் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தவள். தலை பின்னிவிடுகிறேன் என்று உட்காரவைத்து, உச்சியிலேயே ரெண்டு கொட்டுக் கொட்டி, சாயங்காலம் பாரு, எப்படிப் பிடிக்கிறேன்னு என்று தினமும் பேச்சியைச் சொல்லச் சொன்னவள். பேச்சி சொல்லுவாள், சாயங்காலம் பிடிக்க மாட்டாள், ராத்திரி ஜெனி மறுபடியும் அதே மாதிரி பின்னிவிடுவாள். பேச்சி மண்ணை அள்ளிக் குழியில் போட்டாள், காலால் மிதித்தாள், இன்னும் கொஞ்சம் போட்டாள். அதன் மேல் டப்பாவைப் பிடித்து ஒரே தட்டுத் தட்டினாள். பொட்டு வட்டமாக விழுந்தது. பெரிய பெட்டியையும் மொட்டைத் தடத்தின் மேலேயே இழுத்து முடித்தாள். சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் முடிக்கவில்லை. எதிர்ப் பக்கத்துப் பெட்டியைப் போடப் போனாள், அங்கேயும் தடம் இருந்தது, அங்கேயும் குழி இருந்தது, அங்கேயும் முடிக்கவில்லை.

வந்துவிட்டார்கள். மேடம் படிக்கட்டில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்தார், பக்கத்தில் அபிநிலா புது கிளவுஸைக் கையில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் உட்கார்ந்தவள் மாதிரி நெளிந்தாள். ஜெனி பந்தைத் தலைக்கு மேல் போட்டுப் பிடித்துக்கொண்டே வந்து, லைன் எல்லாம் பளிச்சுன்னு இருக்கேடி, அம்மாவுக்காகவா என்று கேட்டாள். பேச்சி சிரித்து வைத்தாள். கோல் லைனில் போய் நின்றாள். கிளவுஸுக்குள் சுண்ணாம்பு நறநறத்தது. ஜெனி பந்தைப் பொட்டில் வைத்து, ஒரு சுற்றுத் திருப்பி, காற்றடிக்கிற துளை மேலே வருகிற மாதிரி வைத்தாள், அது அவள் பழக்கம். எண்ணிப் பின்னால் போனாள். இங்கிருந்து பார்க்க அவள் சின்னதாகத் தெரிந்தாள். அதைப் பார்க்கத்தான் பேச்சிக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் மலை மாதிரி முன்னால் நின்றவள், ஒல்லியாக, காலுறை ஒன்று கீழே இறங்கி, ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். பேச்சி கோலை விட்டு வெளியே நடந்தாள். என்னாச்சு என்று மேடம் சத்தம் கொடுத்தது காதில் விழுந்தது, நிற்கவில்லை.

"அக்கா, பொட்டு தள்ளி இருக்கு. இதான் சரியான எடம். நாம இவ்வளவு நாளும் கிட்ட நின்னு அடிச்சிருக்கோம்."

ஜெனி சிரித்தாள், பிறகு பேச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பேச்சி கயிற்றை எடுத்து வந்து காட்டினாள். வேறு எதையும் விளக்கவில்லை, முடிச்சை மட்டும் ஜெனியின் கையில் வைத்தாள். ஜெனி முடிச்சைப் பார்த்தாள், மொட்டைத் தடத்தைப் பார்த்தாள், மங்கிய பழைய பொட்டைப் பார்த்தாள். தன் முடிச்சு அவளுக்கு அடையாளம் தெரியாமலா போகும். ரொம்ப நேரம் அதைக் கட்டை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று பேச்சி காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"காத்துன்னு நெனச்சேன்டி," என்றாள் ஜெனி. அவ்வளவு மெல்லப் பேசி அவளைப் பேச்சி கேட்டதில்லை. பிறகு கயிற்றைப் போட்டுவிட்டு, போ, போய் நில்லு என்றாள்.

முதல் பந்து வந்தது. வந்துவிட்டிருக்கவில்லை, வந்தது, இடது பக்கம் என்று சொல்லிவிட்டு வந்தது, பேச்சி போய் நெஞ்சோடு வாங்கிக்கொண்டாள். படிக்கட்டில் பிளாஸ்க் மூடி உருண்டு விழுந்தது. இதற்காக அவள் எத்தனை நாள் வேண்டியிருக்கிறாள், இப்போது கைக்குள் பந்து கனமாக இருக்க, உள்ளே ஒரு துளிச் சந்தோஷமும் இல்லை. இரண்டாவதை விரல் நுனியால் தட்டிவிட்டாள். மூன்றாவதும் கைக்கே வந்தது. நாலாவதை ஜெனி வெறி கொண்டு அடித்தாள், அது கம்பிக்கு மேலே போய் ஆட்டுப் பக்கம் விழுந்தது, அபிநிலா எடுக்க ஓடினாள். ஜெனி இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றாள். காலையிலிருந்து பேச்சியின் காதுக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சொல் இறங்கி நடந்து அங்கே போய்விட்டது, அது போனது பேச்சிக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. மேடமுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, போதும் ஜெனி, நாளைக்குப் பாத்துக்கிருவோம் என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்," என்றாள் ஜெனி.

பந்தை வைத்தாள். இந்தத் தடவை துளையைத் திருப்பவில்லை, காலுறையை மட்டும் இழுத்துவிட்டாள், கோலை ஏறிட்டுப் பார்த்தாள், புது ஊருக்கு வந்தவள் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். போயிரு, என்றது மனது, தாயே, என் கையில் சிக்காமல் போயிரு. விட்டுவிடலாம். அரை நொடி தாமதித்தால் போதும், யாருக்கும் தெரியாது. ஜெனிக்குத் தெரியும். தெரிந்தால் நாளைக்கு அந்தப் பொட்டில் நிற்கிறபோது அவளுக்கு என்ன இருக்கும், ஒன்றும் இருக்காது. ஜெனி ஓடி வந்தாள். பந்து கிளம்பிய உடனே பேச்சியின் உடம்பு அவளைக் கேட்காமல் வலது பக்கம் எகிறியது, கை நீண்டது, விரல் எல்லாம் நீண்டது, மொட்டைக் கிள்ளப் போகிற அதே கை, பந்து அந்த விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த கொஞ்சூண்டு இடத்தில் புகுந்து போனது. வலை பொத்தென்று சத்தம் போட்டது. பேச்சி தான் போட்ட கோட்டின் மேலேயே குப்புறக் கிடந்தாள். வாயெல்லாம் சுண்ணாம்பு. கோல் விழுந்ததற்கு அவள் சந்தோஷப்பட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

ஜெனி பக்கத்தில் வந்து நின்றாள். "விட்டியாடி?"

"இல்லக்கா. எட்டல."

ஜெனி குனிந்து அவள் கண்ணை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். இருட்டுகிறதே, கொடி கட்டி ஜெர்சியைக் காயப்போட வேண்டுமே என்று பேச்சி எழுந்து போய் அந்த முடிச்சை அளவாகத் திரும்பக் கட்டுவதற்காக நகத்தால் பிரிக்கப் பார்த்தாள், யானை முடிச்சு, லேசில் விடவில்லை. படிக்கட்டிலிருந்து மேடம் குரல் கொடுத்தார்.

"அத அபிநிலாகிட்டக் குடு பேச்சி, அவ அவுக்கட்டும். ஒன் கை நாளைக்கு வேணும்."